தூண்டிலின் முன்னிழை



எங்கள் சிவகிரி மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர். மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்கும் நீர் குளங்களை நிரப்பும். நிரம்பிய குளத்தின் கரையில் சிறுவர் மூங்கிற் கம்பும் தங்கூஸ் நரம்பும் தக்கையும் கொண்டு கெண்டைக்குக் காத்திருப்பர். அவர்களுடைய தூண்டிலில் முள்ளும் புழுவும் ஈயக்குண்டும் சேர்ந்து கனமாக இருப்பதால், வீசிய இடத்தில் நரம்பு தானே சென்று விழும். ஆனால், எடையே இல்லாத ஒன்றை இருபது முப்பது அடி தொலைவுக்கு எறிய வேண்டுமானால் என்ன செய்வது? இன்று நான் கூற வந்தது அந்தக் கேள்விக்குரிய விடையைத்தான்.

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் டிரௌட் என்னும் மீன் வாழ்கின்றது. அது நம் நாட்டு மீன் அன்று. 1860-களில் பிரான்சிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் அதனை அங்கே குடியேற்ற முயன்றார்; அம்முயற்சி கைகூடவில்லை. பின்னர் எச். சி. வில்சன் என்பவரின் உழைப்பால் 1907-இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. அங்கே வேரூன்றிய வானவில் டிரௌட்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலை அடுத்த நாடுகள்.

இம்மீன் நீரின் மேல் வந்து விழும் பூச்சிகளை விரும்பி உண்ணும். ஆகவே, சிறு முள்ளின்மீது இறகையும் நூலையும் சுற்றிப் பொய் ஈ ஒன்றைச் செய்து வீசுவார்கள். ஈக்கு எடை ஏது? எனவே எறியப்படுவது ஈ அன்று. கனமான கயிறே எறியப்படுகின்றது. ஆனால் தடித்த கயிறு ஈயோடு சேர்ந்து நீரில் விழுந்தால் மீன் வெருண்டு ஓடிவிடும். ஆகவே, கயிற்றுக்கும் ஈக்கும் இடையே மெல்லிய இழை ஒன்றைக் கட்டுகின்றனர். ஆங்கிலத்தில் அதனை லீடர் என்பர். நாம் முன்னிழை என்று அழைப்போம்.

வண்டிக்காரர் கையிலுள்ள சாட்டையைப் பார்த்திருப்பீர்கள். பிடியருகே தடித்து, நுனியை நோக்கிப் படிப்படியாக மெலிந்து செல்லும். கையின் வேகம் சிதறாமல் நுனிவரை ஓடுவது அந்தப் படிப்படியான மெலிவினால்தான். முன்னிழையும் அவ்வாறே. திடீரென்று மெலிந்தால் வேகம் அங்கேயே மடங்கி, இழை சுருண்டு விழும். ஒன்பது அடி முன்னிழையில் ஐந்தில் மூன்று பங்கு தடித்த அடிப்பகுதி; ஒரு பங்கு, வரவர மெலியும் சிறு துண்டுகளால் ஆன இடைப்பகுதி; எஞ்சிய ஒரு பங்கு மெல்லிய நுனி. இது பலரும் கைக்கொள்ளும் அளவு. காற்று மிகுந்தால் நீளத்தைக் குறைப்பர். நீர் அசைவற்றுத் தெளிந்திருந்தால் பன்னிரண்டு அடிக்கும் நீட்டுவர்.

நுனியின் பருமனைத் தேர்வதில் ஓர் எளிய கணக்கு உண்டு. நுனி இழைகள் 3 எக்ஸ், 4 எக்ஸ், 5 எக்ஸ் என எண்ணிட்டு விற்கப்படும். 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பதாகும். 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6 பங்கு, ஏறத்தாழ 0.15 மில்லிமீட்டர். முள்ளின் எண்ணை 3-ஆல் வகுத்தால் அதற்கேற்ற இழை கிடைக்கும். 12-ஆம் எண் முள்ளுக்கு 4 எக்ஸ் பொருந்தும்.

இந்த எக்ஸ் எங்கிருந்து வந்தது? நைலான் வருமுன், கூடு கட்டும் தறுவாயிலுள்ள பட்டுப்புழுவைக் காடியில் ஊறவைத்து, அதன் பட்டுச் சுரப்பியை இழுத்து நரம்பாக்கினர். ஸ்பெயின் நாட்டு மூர்சியா இதற்குப் பெயர் பெற்ற இடம். அந்நரம்பைச் சிறு துளையின் வழியே எத்தனை முறை இழுத்து மெலிவித்தனரோ அத்தனை எக்ஸ். 1938-இல் அறிவிக்கப்பட்ட நைலான் பட்டு நரம்பை வென்றது. பழைய எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன.

இனி முடிச்சு. இரண்டு துண்டுகளை இணைக்க, முனைகளை எதிரெதிராக வைத்து, ஒவ்வொன்றையும் மற்றதன்மீது ஐந்து சுற்றுச் சுற்றி, இரு நுனிகளையும் நடுவிலுள்ள இடைவெளியில் எதிரெதிர்ப் பக்கமாக நுழைத்து இழுக்க வேண்டும். பருமனில் மிகவும் வேறுபட்ட இழைகள் இம்முடிச்சில் நழுவிவிடும். ஆதலால்தான் இடையில் சிறு துண்டுகள் தேவையாகின்றன. முள்ளில் கட்டும்போது, இழையைக் காதில் கோத்து, தன்மீதே ஐந்து சுற்றுச் சுற்றி, காதையடுத்த சிறு கண்ணியில் நுழைத்து, அதனால் உண்டாகும் பெரிய கண்ணியிலும் மீண்டும் நுழைப்பர்.

எந்த முடிச்சாயினும் இறுக்குமுன் நனைக்க வேண்டும். உலர்ந்த நைலான் உராய்ந்தால் சூடேறி வலுவிழக்கும். நனைத்து, மெல்ல இழுத்து, கையால் சோதித்த பின்னரே வீச வேண்டும். வீசும்போது காற்றில் தானே விழும் சிறு முடிச்சு இழையின் வலுவைப் பாதியளவுக்குக்கூடக் குறைத்துவிடும். அதைக் கண்டவுடன் அவ்விடத்தை வெட்டிப் புதிதாகக் கட்டுவதே முறை.

"ஒரு முடிச்சுக்கு இவ்வளவு பேச்சா?" என்று நீங்கள் கேட்கலாம். அவசர முடிச்சு அறுந்தால் நமக்குப் போவது ஒரு மீன்தான். மீனுக்கோ வாயில் தைத்த முள்ளோடு வாழும் துன்பம். மெல்லிய இழையால் பெரிய மீனை நெடுநேரம் அலைக்கழித்தாலும், விடுவித்த பின் அது களைப்பால் இறக்கக்கூடும். நுனி மெலிந்திருக்க வேண்டும். வேண்டுமளவுக்கு மேல் மெலிந்திருக்கலாகாது. அளவறிதல் என்பது இதுவே.

வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். கணக்கு கையில் இறங்கும் இடங்களில் இதுவும் ஒன்று என்பது என் துணிபு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். பட்டு நரம்பு மட்கிவிடும். நைலான் எளிதில் மட்காது. எங்கள் குளக்கரையில் எறிந்த தங்கூஸ் துண்டு காலில் சுற்றிப் பறக்க இயலாமல் தவித்த கொக்கை நான் கண்டிருக்கிறேன். வெட்டிய ஒவ்வொரு துண்டையும் சட்டைப் பையில் இட்டு வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். நீலகிரி ஓடையாயினும் நம்மூர்க் குளமாயினும், உரிய அனுமதி பெற்றுத் தூண்டில் இடுபவருக்கு நீர்நிலையிடம் உள்ள கடமை அது.