அடுப்பேற்றாத விருந்து
(பகவான் மகாவீரர் ஜெயந்தி விழாவின் மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)



தத்துவமும் வரலாறும் பேசப்பட்ட மேடையில் எனக்குத் தரப்பட்டிருக்கும் பொருள் ஊறவைத்த பயத்தம்பருப்பு. கோடையில் வரும் விருந்தினருக்கு அடுப்பு மூட்டாமல் முக்கால் மணிக்குள் ஆயத்தமாகும் கோசுமல்லியைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்தார்கள். இதற்கு ஒரு மேடை வேண்டுமா என்று சிலர் எண்ணக்கூடும். இரவுண்ணாமையைக் கைக்கொள்ளும் இல்லங்களில் மாலை ஐந்து மணிக்கு வாசலில் விருந்தினர் வந்து நின்றால் என்ன நடக்கிறது என்பதை அறிந்த தாய்மார்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள்.

கணவரின் பணி நிமித்தம் இராஜபாளையத்தில் பல்லாண்டுகள் குடியிருந்த குடும்பம் எங்களுடையது. நம் உறவினர் பெரும்பாலோர் வந்தவாசி, செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் இருப்பவர்கள். கோடை விடுமுறையில் குழந்தைகளோடு தெற்கே வந்து, கழுகுமலையில் பாறையில் வடித்த தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கிவிட்டு எங்கள் இல்லத்திற்கு வருவார்கள். சித்திரையில் அங்கே கதிர் மறைவது ஆறரை மணியை ஒட்டி. மறைவதற்கு இரண்டு நாழிகை முன்னதாகவே உணவை முடித்துவிட வேண்டும் என்னும் பெரியோர் வழக்கைப் பின்பற்றினால், ஐந்தே முக்காலுக்குள் இலை எடுத்தாக வேண்டும். இராஜபாளையத்திற்கு மேற்கே மலைத்தொடர் நிற்பதால், பஞ்சாங்கம் சொல்லும் நேரத்திற்கு முன்பே கதிர் மலைக்குப் பின்னால் சாய்ந்துவிடும். கடிகாரத்தை நம்பாத முதியவர்கள் அப்போதே கையைக் கழுவிவிடுவார்கள். வெயிலில் வாடி ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தவர்களுக்கு உலை வைத்து, பருப்பை வேகவைத்து, தாளித்து இறக்குவதற்குள் பொழுது போய்விடும். ஒன்று விரதம் தவறும். அல்லது விருந்தினர் பசியோடு உறங்குவர். இரண்டுக்கும் இடங்கொடாத வழி ஒன்று வேண்டியிருந்தது.

அந்த வழி எனக்குக் கிடைத்தது அந்த ஊர்களிலேயே. இராஜபாளையத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட ராஜுக்கள் குடும்பங்கள் மிகுதி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கோயிலைச் சூழ்ந்து வாழும் வைணவக் குடும்பங்கள் பல. ஸ்ரீராமநவமியன்று பானகமும் நீர்மோரும் ஊறவைத்த பயத்தம்பருப்பும் வழங்குவது இவ்விரு சாராருக்கும் பொதுவான வழக்கம். அப்பருப்பைத் தெலுங்கில் வடபப்பு என்பார்கள். தமிழ் வைணவர் வடைப்பருப்பு என்பார்கள். கன்னட நாட்டில் அதுவே கோசம்பரி. சித்திரை மாதத்து வளர்பிறை நவமி அவர்கள் திருநாள். நான்கு நாள் கழித்து வரும் திரயோதசி நம் மகாவீரர் ஜெயந்தி. ஒரே வெயில், ஒரே தாகம். அண்டை வீட்டார் சமயம் வேறாயினும் அவர்கள் கிண்ணத்தில் இருந்தது நம் நோன்புக்கு ஏறக்குறைய முழுதும் பொருந்துவதாக இருந்தது. அந்த 'ஏறக்குறைய' என்னும் சொல்லுக்குப் பின்னர் வருகிறேன்.

இடையில் பெயர் பற்றி ஒரு சொல். செட்டிநாட்டார் கோசமல்லி என்று சொல்வது வேகவைத்த கத்திரிக்காயை மசித்துச் செய்வது. நான் சொல்வது அதுவன்று. நம் பெண்மக்கள் சமையற் குறிப்பைத் தேடி அதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

இனிச் செய்முறை. ஆறு பேருக்கு ஓர் ஆழாக்குப் பயத்தம்பருப்பு, அதாவது ஏறத்தாழ 140 கிராம், போதும். தோல் நீக்கி உடைத்த மஞ்சள் பருப்பே வேண்டும். முளைகட்டிய பச்சைப்பயறு உடலுக்கு நல்லது என்று இக்காலத்தில் எங்கும் பரிந்துரைக்கிறார்கள். அதை நம்மில் பலர் விலக்குவதற்குக் காரணம் உண்டு. முளை என்பது உயிர் வளரத் தொடங்கிய நிலை. உடைத்த பருப்பு எத்தனை நாழிகை ஊறினாலும் முளைக்காது. ஆகவே நம் நெறிக்கு உகந்தது உடைத்த பருப்பே. அதைத் தட்டில் பரப்பி வண்டு, புழு உண்டா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து, இருமுறை களைந்து, பருப்புக்கு மேல் இரண்டு விரற்கடை நீர் நிற்குமாறு ஊறவைக்க வேண்டும்.

எந்த நீர் என்பதே இங்குத் தலையாய வினா. அடுப்பில் வேகும் பண்டத்தில் நீரின் குறையை நெருப்பு ஓரளவு தீர்த்துவிடும். இதில் அந்தத் துணை இல்லை. இரட்டையாக மடித்த துணியில் வடிகட்டிய நீருக்கு ஒரு முகூர்த்தம், அதாவது இரண்டு நாழிகை, நாற்பத்தெட்டு நிமிடம், எல்லை என்று நம் மரபு வகுத்திருக்கிறது. காய்ச்சிய நீருக்கு ஒரு நாள். குழாய் நீரை நம்பி வாழும் நகர வீடுகளில், காலையில் சமைக்கும்போதே ஒரு குடம் நீரை வடிகட்டிக் காய்ச்சி ஆறவைத்துக்கொள்ளுங்கள் என்று நான் வற்புறுத்துவேன். கோடையில் வயிற்றுப்போக்கு எளிதில் பரவும். வந்த வீட்டுக் குழந்தை நம் கிண்ணத்தால் நோயுறலாகாது. கிணற்றில் இறைத்து வடிகட்டுவோர் துணியில் தங்கியதை அதே கிணற்றில் பக்குவமாகச் சேர்ப்பதை மறவாதிருப்பார்கள். நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊறும் நேரம் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம். இங்கே ஓர் அழகிய பொருத்தத்தைப் பாருங்கள். இதற்கு மேல் ஊறினால் பருப்பு குழைந்து சுவை கெடும். நாவின் கணக்கும் வடித்த நீரின் இரண்டு நாழிகைக் கணக்கும் ஏறத்தாழ ஒன்றாகவே முடிகின்றன. ஒரு பருப்பை நகத்தால் அழுத்தினால் உடைய வேண்டும். பல்லில் இட்டால் நறுக்கென்று இருக்க வேண்டும். சங்கரன்கோவிலிலிருந்து இராஜபாளையத்திற்கு வண்டியில் வர முக்கால் மணி ஆகும். "அண்ணி, சங்கரன்கோவிலைத் தாண்டிவிட்டோம்" என்று என் நாத்தனார் தொலைபேசியில் சொல்லும்போது பருப்பை நீரில் இடுவேன். அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது வடித்துவிடுவேன்.

பருப்பு ஊறும் இடைவேளையில் காய்களைக் கவனிக்கலாம். இளம் வெள்ளரிக்காய் இரண்டு. காம்புப் பக்கம் ஒரு துண்டு நறுக்கி வாயிலிட்டுப் பாருங்கள். கசக்கும் காயை அப்படியே ஒதுக்கிவிடுங்கள், ஒரு காயின் கசப்பு பாத்திரம் முழுவதையும் கெடுக்கும். நெடுக்கே பிளந்து உள்ளே பார்த்த பிறகே பொடியாக நறுக்க வேண்டும். மாங்காய் பாதி. இராஜபாளையம் சப்பட்டைக்கும் பஞ்சவர்ணத்திற்கும் பெயர்பெற்ற ஊர். மலையடிவாரத் தோப்புகளில் பழம் வருமுன் காய் வரும். புளிப்பு மிகாத முற்றல் காயாக எடுத்துத் துருவிக்கொள்ளலாம். தேங்காய் கால் மூடி. அதற்கும் அவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை. (உடைத்த தேங்காயின் நீர் முதலில் ஓடிவரும் குழந்தைக்கு உரியது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.) கீறிப் பார்த்து நறுக்கிய பச்சைமிளகாய் ஒன்று. கொத்துமல்லியை ஒவ்வோர் இலையாக ஆய்ந்து அலசிக் கிள்ள வேண்டும். கட்டாகப் பிடித்து அரிவது நமக்கு ஆகாது. ஒரு எலுமிச்சம்பழத்தில் பாதி, அரைச் சிட்டிகைப் பெருங்காயத்தூள், உப்பு.

கடைகளிலும் திருமணப் பந்திகளிலும் கேரட்டைத் துருவி இஞ்சியை நறுக்கிச் சேர்க்கிறார்கள். கிழங்கும் வேரும் விலக்கிய வீடுகளில் இரண்டும் வேண்டா. நிறத்திற்கு மாதுளை முத்துக்கள் ஒரு கைப்பிடி சேர்த்தால் கேரட்டைக் காட்டிலும் அழகாக இருக்கும். இஞ்சியின் காரத்திற்கு ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு போதும். கடுகு தாளிப்பதையும் நான் விட்டுவிட்டேன். ஒரு கரண்டி எண்ணெய்க்காக அடுப்பைப் பற்றவைத்தால் அடுப்பேற்றாத விருந்து என்னும் பெயர் பொய்த்துவிடும். அன்றியும், தாளிப்பு இல்லாதபோதுதான் பருப்பின் பச்சை மணமும் மாங்காயின் மணமும் தெரிகின்றன.

பருப்பை நன்றாக வடித்து, துணியில் பரப்பி ஈரம் ஒற்றி, எல்லாவற்றையும் கலந்து வையுங்கள். உப்பும் எலுமிச்சையும் மட்டும் விருந்தினர் கைகால் கழுவி அமர்ந்த பின்னரே சேர்க்க வேண்டும். முன்னமே உப்பிட்டால் கால் மணிக்குள் வெள்ளரி நீர்விட்டுக் கோசுமல்லி கூட்டுப்போல் ஆகிவிடும்.

பச்சையாக உண்பது சச்சித்தம் ஆகாதா என்று ஒரு முதிய சிராவகி என்னிடம் வினவினார். நல்ல வினா. காய்ந்தது, வெந்தது, கருவியால் நறுக்கியது, உப்பும் புளிப்பும் கலந்தது ஆகியவை பிராசுகம் என்று கொள்வது திகம்பர மரபு. நறுக்கி, உப்பும் எலுமிச்சையும் கலந்த இப்பண்டம் அவ்வரம்புக்குள் அடங்கும். ஆயினும் சிராவகர்க்குரிய பதினோரு நிலைகளில் ஐந்தாவதாகிய சச்சித்த தியாகத்தை ஏற்றவர் விருந்தினராக வந்தால், அவரையே கேட்டு அவர் விரும்பும் வண்ணம் படைப்பதே முறை. அவர் நோன்பின் எல்லையை நாம் வகுக்கலாகாது.

முன்பு 'ஏறக்குறைய' என்றேன் அல்லவா? அண்டை வீட்டார் பருப்போடு நீர்மோரும் சேர்த்துத் தருவார்கள். நமக்குப் பருப்பும் தயிர், மோரும் ஒருங்கே சேர்வது துவிதளம், விலக்கத்தக்கது. கோசுமல்லியில் தயிர் ஊற்றிப் பிசைவதும் அவ்வாறே. எனவே அந்த மூன்றில் மோரைத் தனியே நிறுத்தி, பானகத்தை மட்டும் துணைக்கு எடுத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் நீருக்கு 150 கிராம் வெல்லம் அல்லது கருப்பட்டி. கரைத்து வடிகட்டி, சுக்குப்பொடி அரைத் தேக்கரண்டி, ஏலக்காய் மூன்று, பாதி எலுமிச்சை. இதற்கும் நெருப்பு வேண்டா. தேன் சேர்க்கும் புதுப்பழக்கம் நம் இல்லங்களில் நுழையாதிருக்கட்டும். மண்பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றி வைத்தால் குளிர்ப்பெட்டியின் துணை தேவைப்படாது.

"வந்தவர்களுக்கு வெறும் ஊறின பருப்பைப் போட்டு அனுப்பினாளாம்" என்று பேசுவார்களே என்னும் அச்சம் நம் பெண்மக்களிடம் இருப்பதை நான் அறிவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் விருந்தென்றால் பால்கோவா; 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. அதனை வாங்கி வைப்பது எளிது, பெருமையும் கூட. பாலை மணிக்கணக்கில் கிளறிய கைகளின் உழைப்பு அதில் இருப்பதால் அதை உயர்ந்ததென்கிறோம். நெருப்பின் முன் நின்ற நேரத்தைக் கொண்டே விருந்தை அளக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது.

அந்த அளவுகோலோடு ஸ்ரீபுராணத்தில் நாம் கேட்டிருக்கும் நிகழ்ச்சியை ஒப்பிட்டுப் பாருங்கள். ஆறு மாதம் உண்ணா நோன்பிருந்த ஆதிபகவான் ரிஷபதேவர் உணவுக்கு எழுந்தருளியபோது, முனிவர்க்கு உணவளிக்கும் முறை அறியாத மக்கள் பொன்னும் மணியும் யானையும் கொண்டுவந்து நின்றார்கள். மேலும் பல மாதங்கள் அவர் உணவின்றியே நடந்தார். அஸ்தினாபுரத்தில் சிரேயாம்ச குமாரன் முற்பிறவி நினைவால் முறையுணர்ந்து அளித்தது கரும்புச் சாறு. அந்நாளையே அட்சய திருதியை என்று போற்றுகிறோம். இன்றைக்கு மூன்று வாரத்தில் அது வரப்போகிறது. கொடுத்த பொருள் அடுப்பிலிருந்து வந்ததா என்று எவரும் கேட்கவில்லை. தூயதா, உரிய நேரத்தில் உரிய முறையில் தரப்பட்டதா என்பவையே அங்கு எண்ணப்பட்டன. முனிவர்க்கு அளித்த ஆகாரதானத்தை நம் இல்லத்துச் சிற்றுண்டியோடு சமமாக்குகிறேன் என்று கொள்ளாதீர்கள். இல்லறத்தார் ஏற்கும் அதிதி சம்விபாக விரதத்தின் வேர் எங்கிருக்கிறது என்பதை நினைவூட்டவே சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் அடுப்படியில் வேகும் பெண் விருந்தினரோடு உரையாடுவதில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறை வரும் அத்தையின் குரலை அவள் சுவருக்கு அப்பாலிருந்துதான் கேட்கிறாள். நான் முற்றத்தில் அமர்ந்து, மடியில் முறத்தை வைத்துக்கொண்டு கொத்துமல்லி ஆய்ந்தபடியே கழுகுமலைச் செய்திகளைக் கேட்டிருக்கிறேன். வந்த பெண்கள் தாமாகவே மாங்காயைத் துருவ எடுத்துக்கொள்வார்கள். ஆண்களும் சிலர் வெள்ளரி நறுக்கினார்கள்; நறுக்கிய துண்டுகளின் பருமனைப் பற்றி இந்த அவையில் நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

அளவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இது பசியாற்றும் முழு உணவன்று. ஆளுக்கு ஒரு சிறு கிண்ணம் போதும். வயிறு மென்மையானவர்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் ஒரு கைப்பிடி. பகலில் வடித்த சோறு இருந்தால் அதனோடும், இல்லையேல் வாழைப்பழத்தோடும் அவல் நனைத்ததோடும் சேர்த்து மாலை உணவை நிறைவாக்கலாம். மிஞ்சியதை மறுநாளைக்கு எடுத்து வைக்கலாகாது. ஆகவே கணக்கிட்டே நனையுங்கள்.

இன்று இந்த மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் கூடியிருக்கிறீர்கள். நான்கு மணிக்கு நம் மகளிர் அணியினர் பருப்பை நனைத்துவிட்டார்கள், இப்போது வடித்துக்கொண்டிருக்கிறார்கள். உப்பு இன்னும் சேர்க்கவில்லை. நீங்கள் பந்தியில் அமர்ந்த பின்னரே சேர்ப்பார்கள். பொழுது சாய இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. ஆதலால் நான் இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன்.