வாத்தியாருக்கு ஒரு மெயில்

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில், கல்லூரி மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மெயில் அனுப்பிட்டேன் அங்கிள், சார் பதிலே போடல." லீவுக்கு ஊருக்கு வரும் நம் பிள்ளைகள் பலர் சொல்லும் குறை இது. அனுப்பிய மெயிலை வாங்கிப் பார்த்தால், பொருள் எழுத வேண்டிய இடம் காலியாக இருக்கும். உள்ளே "சார், ப்ளீஸ் சைன் பண்ணுங்க" என்று ஒரே வரி. பெயர் கிடையாது. முகவரியோ பள்ளிக்கூட நாளில் விளையாட்டாக வைத்த பட்டப்பெயர். நான்கைந்து வகுப்புக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர், இது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

பதில் வராவிட்டால் நஷ்டம் பிள்ளைக்குத்தான். அரியலூர் சிமெண்ட் ஆலையில் இன்பிளான்ட் டிரெய்னிங் கேட்கக் கல்லூரிக் கடிதம் வேண்டும். வங்கியில் கல்விக்கடன் கேட்க போனஃபைடு வேண்டும். மேல்படிப்புக்குப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசித் தேதி உண்டு. பெரம்பலூர், அரியலூர் பக்கம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிற பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு இதைச் சொல்லித்தர வீட்டில் ஆள் இருப்பதில்லை.

தம்பி, தங்கைகளே, இதற்காகப் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். பள்ளியில் தமிழ்த் தேர்வுக்குக் கடிதம் எழுதினீர்களே: அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு. மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த அந்த முறைதான் மெயிலுக்கும். அனுப்புநர் இடத்தில் கல்லூரி கொடுத்த முகவரி, அல்லது உங்கள் சொந்தப் பெயரில் ஒரு முகவரி. பொருளில், படித்தவுடன் வேலை இன்னதென்று புரியவேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

பொருள்: கல்விக்கடனுக்கு போனஃபைடு வேண்டுதல் – மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல், பி பிரிவு

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். வங்கியில் கல்விக்கடன் புதுப்பிக்க போனஃபைடு சான்றிதழ் தேவைப்படுகிறது. வரும் 20ஆம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். விண்ணப்பத்தை இணைத்துள்ளேன். நேரில் எப்போது வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். நன்றி.
இப்படிக்கு, (பெயர், பதிவு எண், செல்பேசி எண்)

அவ்வளவுதான். "ஆவன செய்யவும்" என்று பொதுவாக முடித்தால், எதைச் செய்வது, எப்போதைக்குள் செய்வது என்று தெரியாது. ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். ஆனால் வெளிநாட்டுப் பேராசிரியர் என்றால் வெறும் 'சார்' வேண்டாம். 'ப்ரொஃபசர்' போட்டு அவருடைய குடும்பப் பெயரைச் சேர்ப்பதே அங்கே வழக்கம்.

இன்னும் சில. 'சிசி' என்றால் கார்பன் காப்பி. டைப்ரைட்டிங் படித்த நம் பெரியவர்களுக்குத் தெரியும், தாளுக்கு அடியில் கார்பன் வைத்து எடுக்கும் நகல். யாருக்கு அந்த விவரம் தேவையோ அவருக்கு மட்டும் நகல் போடுங்கள். முதல் மெயிலிலேயே பிரின்சிபாலுக்கும் நகல் போட்டால், அது புகார் போலத் தெரியும். இணைக்கும் கோப்புக்கு 'ஸ்கேன் 1' என்று பெயர் வைக்காமல், உங்கள் பெயரும் பதிவு எண்ணும் வையுங்கள். ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் நேரடியாக இணைக்க முடியாது. அனுப்பியதைத் திரும்பப் பெறும் வசதியும் அதில் உண்டு. செட்டிங்ஸில் 30 விநாடி வரை வைத்துக்கொள்ளலாம்.

ராத்திரி பதினொரு மணிக்கு அனுப்பிவிட்டு, காலையில் பதில் எதிர்பார்க்காதீர்கள். இரண்டு மூன்று வேலை நாள் பொறுத்து, அதே மெயிலின் தொடர்ச்சியாகப் பணிவாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னாலேயே கேளுங்கள். வேலை முடிந்ததும் நன்றி சொல்லி ஒரு வரி எழுதுங்கள். அடுத்த முறை அவருக்கு உங்கள் பெயர் நினைவிருக்கும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அப்பா தன் மெயிலில் இருந்து பிள்ளையின் பெயரில் எழுதுவது வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், எழுதியதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அனுப்புவது பிள்ளையாக இருக்கட்டும். நாளைக்கு வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

லீவு முடிந்து பெட்டி கட்டுவதற்குள், சொந்தப் பெயரில் ஒரு முகவரி தொடங்கி, முதல் மெயிலை அப்பா அம்மாவுக்கே அனுப்பிப் பழகுங்கள். பொருள் எழுத மறக்காதீர்கள்.