மங்கிய விழியும் மலர்ந்த தோட்டமும்



திருவிழா நாளில் மகிழ்ச்சி தானே வந்து வாயிலில் நிற்கும். தோரணம் கட்டிய தெருவும், புத்தாடை அணிந்த குழந்தைகளும், வெளியூரிலிருந்து வந்திறங்கும் உறவினரும் உள்ளத்தை நிறைத்துவிடுவர். விழா முடிந்து, பந்தல் பிரித்து, உறவினர் ஊர் திரும்பிய மறுநாள் காலையில் அதே இல்லத்தில் மகிழ்ச்சி தருவது எது? ஆண்டில் விழா நாள்கள் சிலவே. எஞ்சியவை யாவும் அந்த மறுநாளைப் போன்றவை. எனவே எளிய நாளில் மகிழக் கற்றவரே வாழ்நாளின் பெரும்பகுதியை மகிழ்வோடு கழிப்பவர் ஆவர். அக்கலையைத் தம் வாழ்வால் விளக்கிய ஓர் அம்மையாரின் வரலாறு இந்நன்னாளில் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவர் இங்கிலாந்து நாட்டவர். தோட்டக்கலையில் பெரும்புகழ் பெற்றவர். பூனைகள் சூழ வாழ்ந்தவர். பெயர் கெர்ட்ரூட் ஜீக்கில்.

ஜீக்கில் அம்மையார் 1843ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். இளமை சர்ரே மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கழிந்தது. 1861இல், பதினேழு வயதில், தென் கென்சிங்டனில் இருந்த ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். பெண்கள் கலைக்கல்வி பெறுவது அரிதாயிருந்த காலம் அது. டர்னர் என்னும் ஓவிய மேதையின் படைப்புகளைப் படியெடுத்து வண்ணங்களின் இயல்பைப் பயின்றார். ஓவியத்தோடு நில்லாமல் பூத்தையல், மரச்செதுக்கு, வெள்ளி வேலை எனப் பல கைத்தொழில்களிலும் தேர்ச்சி அடைந்தார். இவை யாவும் கூர்ந்த பார்வையை வேண்டுபவை. அவருக்கோ இளமை முதலே கிட்டப்பார்வைக் குறை மிகுதியாக இருந்தது. ஆண்டுகள் செல்லச் செல்லக் குறை வளர்ந்தது, வலியும் சேர்ந்தது. 1891இல் ஜெர்மனி நாட்டின் வீஸ்பாடன் நகருக்குச் சென்று, புகழ்பெற்ற கண் மருத்துவர் ஒருவரிடம் காட்டினார். எஞ்சிய பார்வையைக் காத்துக்கொள்ள வேண்டுமாயின் ஊசியையும் தூரிகையையும் விட்டுவிட வேண்டும் என்பதே அங்குக் கிடைத்த அறிவுரை. அப்போது அவருக்கு வயது நாற்பத்தேழு.

இந்த இழப்பின் அளவை உணர்வதற்கு அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. முப்பது ஆண்டுகள் நாள்தோறும் ஏட்டைக் கையிலெடுத்து ஓதிய முதியவர், ஒருநாள் எழுத்துகள் கலங்கித் தெரிவதைக் கண்டு ஏட்டை மூடி வைப்பார். புள்ளி பிசகாமல் கோலமிட்ட பாட்டியார், மாக்கிண்ணத்தைப் பெயர்த்தியின் கையில் கொடுத்துவிட்டுத் திண்ணையில் அமர்வார். ஒருவர் தம் கைத்திறனையே தம் வாழ்வென்று எண்ணியிருந்தால், அத்திறன் அகன்ற நாளில் வாழ்வே அகன்றதாகத் தோன்றும். அந்நாளில் அவர் எப்பக்கம் திரும்புகிறார் என்பதைப் பொறுத்தே பின்வரும் ஆண்டுகள் அமையும்.

அம்மையார் தோட்டத்தின் பக்கம் திரும்பினார். கோடால்மிங் நகருக்கு அருகில், தாயார் வாழ்ந்த இல்லத்திற்கு எதிரே, பதினைந்து ஏக்கர் நிலத்தை அவர் முன்னரே வாங்கியிருந்தார். மன்ஸ்டெட் வுட் என்பது அதன் பெயர். மணற்பாங்கான, சத்துக் குறைந்த நிலம். 1889இல் இருபது வயது இளைஞராகிய எட்வின் லட்யன்ஸ் என்னும் கட்டடக் கலைஞர் அவருக்கு அறிமுகமானார். புது தில்லியில் இன்று குடியரசுத் தலைவர் மாளிகையாக விளங்கும் பெருங்கட்டடத்தைப் பிற்காலத்தில் வடிவமைத்தவர் இவரே. அம்மையாருக்கான இல்லத்தை அந்நிலத்தில் அவர் எழுப்பினார். 1897இல் அம்மையார் அங்குக் குடிபுகுந்தார்.

நுண்ணிய கோடுகளைக் காண இயலாத கண், வண்ணங்களின் பரப்பைக் காணும். ஒவ்வொரு செடியையும் தனித்தனியே வரிசையாக நடுவதை விடுத்து, ஒரே வகைச் செடிகளை நீண்ட பட்டைகளாக ஒன்றோடொன்று கலந்தோடுமாறு அம்மையார் நட்டார். தூரத்திலிருந்து நோக்கினால் நீரில் கரைந்த வண்ணம்போல ஒரு நிறம் மற்றொன்றில் சென்று சேரும். அவருடைய பார்வைக் குறைக்கும் இம்முறைக்கும் தொடர்பு உண்டென்று தோட்டக்கலை வரலாற்றை எழுதியோர் பலர் கருதுவர். எவ்வாறாயினும், துணியில் தைக்க இயலாத வண்ணங்களை அவர் மண்ணில் விளைவித்தார் என்பது உறுதி.

அத்தோட்டத்தின் இளவேனில் தனிச்சிறப்புடையது. இங்கிலாந்தின் குளிர்காலம் நீண்டது. மரங்கள் இலையுதிர்ந்து நிற்கும், பகல் குறுகும், மண் உறையும். அதன் பின்னர் வரும் மார்ச்சு, ஏப்ரல், மே ஆகிய திங்கள்களே அந்நாட்டு இளவேனில். முற்காலத்தில் பொதிக்குதிரைகள் நடந்து நடந்து குழிந்துபோன பாதைகளின் தடம் அவருடைய காட்டுப்பகுதியில் இருந்தது. அத்தடங்களின் வழியே டாஃபடில் கிழங்குகளை அவர் நட்டுவைத்தார். மக்கள் மறந்துவிட்ட வழிகள் ஆண்டுதோறும் இளவேனிலில் மஞ்சள் மலர்களால் மீண்டும் புலப்பட்டன. மரநிழலில் பிரிம்ரோஸ் செடிகள் வெண்மையும் மஞ்சளுமாகப் பரந்து பூத்தன. 1870களிலேயே அவர் இச்செடிகளின் விதைகளைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கிவிட்டார். ஆண்டுதோறும் நல்ல மலர்களை மட்டும் விதைக்கு விட்டுத் தமக்கென ஒரு தனிவகையையே உருவாக்கினார். அதன் பெயரில் அவ்வூரின் பெயரும் சேர்ந்தது.

இளவேனிற் செடிகளுக்கென்று அவர் தனியிடம் ஒதுக்கியிருந்தார் என்பது கருதத்தக்கது. ஒரே பாத்தி ஆண்டு முழுதும் பூத்துக் குலுங்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. இளவேனிற் பகுதி சில வாரங்கள் பூக்கும். பின்னர் ஓய்வு கொள்ளும். அடுத்த பருவத்திற்குரிய பகுதி தன் முறைக்குப் பூக்கும். பூத்து முடிந்த பிரிம்ரோஸ் செடிகளைத் தோண்டி எடுத்து, பிரித்து, மீண்டும் நடுவது ஒரு பணி. மலர் வாடியதற்கு வருந்தி நிற்க அங்கே நேரமில்லை. நிலையாமையை நூலில் கற்பது ஒருவகை. மண்வெட்டியோடு கற்பது மற்றொரு வகை.

இனிப் பூனைகளைப் பற்றிச் சில சொற்கள். 1900இல் வெளிவந்த ‘இல்லமும் தோட்டமும்’ என்னும் நூலில், தம் வீட்டுப் பூனைகளுக்கென்றே ஓர் இயலை அம்மையார் ஒதுக்கினார். 1908இல் குழந்தைகளுக்காக எழுதிய நூலிலும் தோட்டத்துப் பூனைகள் இடம்பெற்றன. மேலிருந்து நோக்கி வரையும் தரைப்படம் எது, பக்கத்திலிருந்து நோக்கி வரையும் தோற்றப்படம் எது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க, கட்டடத்தை விடுத்துப் பூனையையே அவர் வரைந்து காட்டினார். மேலிருந்து கண்ட பூனை ஒன்று. பக்கவாட்டில் கண்ட பூனை மற்றொன்று. அறுபது வயதைக் கடந்த, நாடறிந்த ஒரு மூதாட்டி இவ்வாறு வரைந்து மகிழ்ந்தார்.

பூனைக்குட்டியின் விளையாட்டை உற்றுநோக்கியவர் அதை எளிதில் மறப்பதில்லை. பிறந்து ஏறத்தாழ நான்கு வாரத்தில் விளையாட்டுத் தொடங்கிவிடும். உதிர்ந்த இலை ஒன்று காற்றில் அசைந்தால் போதும்; குட்டி மண்ணோடு மண்ணாகப் பதுங்கும்; பின்னுடலை இருமுறை அசைத்து அளவெடுக்கும்; பாய்ந்து பிடித்தபின் இலையென்று கண்டும் வெட்கமின்றி மறுபடி பதுங்கும். அம்மையார் தம் பாத்திகளின் ஓரங்களில் மிகுதியாக நட்ட செடிகளுள் ஒன்று நெப்பெட்டா. சாம்பல் தோய்ந்த இலையும் நீல மலரும் உடைய இதனை ஆங்கிலேயர் பூனைப்புதினா என்றே வழங்குவர். இதன் வகைகள் சிலவற்றின் இலை கசங்கும்போது எழும் மணம் பூனைகளை மயக்கும். முகத்தைத் தேய்க்கும், புரளும், சில நிமிடங்களில் ஒன்றும் நடவாததுபோல் எழுந்து செல்லும். எல்லாப் பூனைக்கும் இவ்வியல்பு இல்லை. மூன்றில் இரண்டு பங்கு பூனைகளுக்கே உண்டு. அதுவும் பிறப்பு வழியாக வருவது.

இவ்விடத்தில் அறவழி நிற்கும் இல்லறத்தார் உள்ளத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. பூனை வேட்டையாடும் உயிர். அதன் விளையாட்டே வேட்டையின் ஒத்திகை. கார்த்திகேயானுப்பிரேட்சை என்னும் நூல், பூனை முதலியவற்றை வளர்ப்பதைப் பயனின்றித் தீவினை சேர்க்கும் அனர்த்த தண்டத்துள் ஒன்றாக எண்ணுகிறது. அவ்வாறிருக்கப் பூனையின் ஆட்டத்தில் மகிழ்வது தகுமோ? இவ்வினாவை ஒதுக்கிவிட்டு மேற்செல்வது முறையன்று.

முதலாவதாக, மகிழ்வதற்கு உடைமை வேண்டியதில்லை. மதிற்சுவரின்மீது நடந்து செல்லும் பூனை எவருடையதும் அன்று. அதைக் காணும் இன்பம் எல்லோருக்கும் உரியது. மலரைப் பறிக்காமலே அதன் அழகை நுகர்வதுபோல, கட்டி வளர்க்காமலே ஓர் உயிரின் களிப்பைக் கண்டு களிக்கலாம். இரண்டாவதாக, பூனையின் உடல் இறைச்சியின்றி நலமுற வாழ இயலாதவாறு அமைந்தது. அதனை வெறுப்பதால் பயனில்லை. மூன்றாவதாக, ஏற்கெனவே ஒரு பூனை வந்து ஒண்டிக்கொண்ட இல்லத்தாருக்கு உதவும் செய்தி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் மனிதர் விளையாட்டுக் காட்டிய பூனைகள் வேட்டையாடி வீட்டுக்குக் கொண்டுவரும் சிற்றுயிர்களின் எண்ணிக்கை 25 விழுக்காடு குறைந்தது எனக் கண்டறிந்தனர். ஒரு கயிற்றின் நுனியில் துணிப்பந்து கட்டி மாலையில் சிறிது நேரம் ஆட்டிக் காட்டுவது, குழந்தைக்குக் களிப்பு, பூனைக்கு நிறைவு, அணிலுக்கும் குருவிக்கும் உயிர்ப்பிச்சை. பறவைகள் மிகுதியாக நடமாடும் விடியலிலும் அந்தியிலும் பூனையை வீட்டினுள் வைத்திருப்பதும் நன்று. மகிழ்ச்சியும் அருளும் ஒரே செயலில் கூடும் இடங்கள் உலகில் அரியவை. அவற்றுள் இதுவும் ஒன்று.

அம்மையாரின் பிற்காலம் மேலும் ஒரு பாடம் தருகிறது. நானூறுக்கும் மேற்பட்ட தோட்டங்களுக்கு அவர் திட்டம் வகுத்தார். முதல் உலகப்போரில் மடிந்தோரின் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றுக்கும் எச்செடியை எங்கு நடுவதென வகுத்துக் கொடுத்தார். 1920இல் வில்லியம் நிக்கல்சன் என்னும் ஓவியர் அவருடைய உருவத்தை வரைய வந்தார். பகல் வெளிச்சம் இருக்கும் வரை தோட்டப் பணியை விட்டு வந்து அமர அம்மையாருக்கு மனமில்லை. காத்திருந்த ஓவியர், அவருடைய தேய்ந்துபோன தோட்டத்துக் காலணிகளை வரைந்தார். முகத்தின் ஓவியம் லண்டனில் ஒரு காட்சியகத்திலும், காலணிகளின் ஓவியம் மற்றொரு காட்சியகத்திலும் இன்றும் உள்ளன. காலணி ஓவியத்தைக் காண்போர் அவருடைய முகத்தையே கண்டதாக உணர்வர். 1932 டிசம்பர் 8ஆம் நாள், எண்பத்தொன்பதாம் வயதில், அவர் மறைந்தார். கலைஞர், தோட்டக்காரர், கைவினைஞர் என்னும் பொருளுடைய மூன்றே சொற்கள் அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளன. கண் மருத்துவரைக் கண்டு திரும்பிய நாளுக்குப் பின் அவர் வாழ்ந்தவை நாற்பத்தோர் ஆண்டுகள். அவருடைய நூல்கள் யாவும் அந்த ஆண்டுகளில் பிறந்தவையே.

அவையோர் தத்தம் இல்லம் திரும்பியபின் செய்யத்தக்கது எளிது. பதினைந்து ஏக்கர் வேண்டாம். மாடியில் நான்கு தொட்டிகள் போதும். சித்திரை பிறக்குமுன்னரே வேம்பு பூத்து வாசல் முழுதும் உதிர்க்கும், மல்லிகை அரும்பும், அதற்கு அழைப்பிதழ் அச்சிட வேண்டியதில்லை. கண் மங்கிய முதியவரை நாளுக்கு ஒருமுறை செடிகளின் அருகே அழைத்துச் சென்று அமர்த்தலாம். எழுத்துத் தெரியாத கண்ணுக்கும் செம்பருத்தியின் சிவப்புத் தெரியும். சுவரில் பூனை வந்து அமர்ந்தால், கையிலுள்ள கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, மேலிருந்து பார்த்தால் அது எவ்வாறிருக்கும் என்று வரைந்து காட்டுமாறு குழந்தைகளைக் கேட்கலாம்.

ஓரறிவு உயிராகிய செடியும் ஐயறிவு உயிராகிய பூனையும் தம் போக்கில் வாழ்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றை ஊறின்றி வாழவிட்டு, அருகில் சிறிது நேரம் அமர்ந்திருக்கத் தெரிந்தவருக்கு, பந்தல் பிரித்த மறுநாளும் திருநாளே.

எல்லா உயிரும் இனிது வாழ்க!