நீர் புகாத் துணியும் பட்டுப் பையும்

(காஞ்சியில் நம் சங்கத்து மாதர் தையல் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழ் கற்பிக்கும் ஆசிரியனுக்கும் தையற்பொறிக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறன்று. ஆயினும் யான் பிறந்தது குழித்தறியின் ஓசை ஓயாத வீட்டில். தந்தையார் நெய்தார், அன்னையார் தார் சுற்றினார். பட்டுக்கு நேரும் தீங்கை அருகிருந்து பார்த்தவன் என்னும் ஒரே உரிமையால் இன்று பேசத் துணிந்தேன். இவ்வகுப்பினர் முதன்முதலாகத் தைக்க எண்ணியிருப்பது சேலையை எடுத்துச் செல்வதற்குரிய ஜிப் வைத்த பை என்றும், அதற்கு எந்தத் துணியை வாங்குவது என்பதில் ஐயம் எழுந்துள்ளது என்றும் செயலாளர் கூறினார். அவ்வையத்தைத் தீர்க்க என்னால் இயன்றதைச் சொல்லுகிறேன்.

2015 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து அடைமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தெருவில் பாவு நீட்ட இயலவில்லை. தறிக்குழியில் நீர் ஊறியது. மழைக்கு முன்பே அறுத்து வைத்திருந்த சேலை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. சந்தன நிற உடல், அரக்கு நிறக் கோர்வைக் கரை. பதினைந்து நாள் உழைப்பு. அதைக் கொடுத்தால்தான் வீட்டுச் செலவு நடக்கும் என்ற நிலை. ஆதலின் தந்தையார் கடையில் வாங்கிய ஒரு ஜிப் பையில் அதை வைத்து, மழையிலேயே புறப்பட்டார். பை நீர் புகாத பைதான். அதன் துணியில் ஒரு துளியும் ஊடுருவவில்லை. எனினும் சென்று திறந்து பார்த்தபோது, ஜிப்பின் பல்வரிசை வழியாகவும் தையல் துளைகளின் வழியாகவும் இறங்கிய நீர் மடிப்பின் ஓரத்தில் தேங்கியிருந்தது. அரக்குச் சாயம் சந்தன நிறத்தில் நான்கு விரல் அகலம் இறங்கிவிட்டது. கூலியிற் பெரும்பகுதி பிடித்தமாயிற்று. தந்தையார் அன்று ஒன்றும் பேசவில்லை. பையை மட்டும் உதறிக் கொடியிற் போட்டார்.

அதைக் கண்டு அஞ்சிய என் அன்னையார், தம் கூறைச் சேலையை அதனினும் தடித்த பிளாஸ்டிக் பையில் இட்டு, காற்றும் புகாதபடி மூடிப் பெட்டியில் வைத்தார். இரண்டாண்டு கழித்து உறவினர் திருமணத்திற்கு எடுத்தபோது பூசண வாடை வீசிற்று. மடிப்புதோறும் சரிகை கறுத்திருந்தது. முதற் சேலை வெளிநீரால் கெட்டது. இரண்டாவது, பையினுள்ளேயே அடைபட்ட ஈரத்தாற் கெட்டது. யான் இன்று சொல்ல வந்த செய்தி இவ்விரண்டிலும் அடங்கியிருக்கிறது: வெளிநீரைத் தடுக்கும் துணி உள்நீரையும் வெளிவிடாது. ஆகவே வழியிற் சுமக்கும் பை வேறு. வீட்டில் வைக்கும் பை வேறு. இவ்விரண்டையும் வழிப்பை, வைப்புப்பை எனப் பெயரிட்டுக்கொள்வோம்.

உள்நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். உலர்ந்ததாக நாம் கருதும் பட்டிலும் நீர் உண்டு. மிதமான ஈரமுள்ள காற்றில், முற்றும் உலர்த்திய 100 கிராம் பட்டு ஏறக்குறைய 11 கிராம் நீரை ஏற்றுக்கொள்ளும். பருத்தி 8 கிராம் அளவில் ஏற்கும். நைலான் 4 கிராம் அளவில். பாலியெஸ்டரோ அரைக் கிராமும் ஏற்காது. மழைக்காலத்து ஈரக்காற்றில் மூடப்பட்ட பட்டு இன்னும் மிகுதியான நீரைத் தன்னுள் வைத்திருக்கும். பகல் வெம்மையில் அந்நீர் ஆவியாகும். இரவுக் குளிரில் பையின் உட்புறத்தில் துளித்து மீண்டும் சேலையின்மேல் விழும். பூசணத்திற்கு இதனினும் வேறு என்ன வேண்டும்?

இனித் துணிகளைப் பார்ப்போம். நீரைத் தடுக்கும் முறைகளை மூன்றாக வகுக்கலாம்.

முதலாவது, நெசவாலேயே தடுப்பது. இது நம் தொழிலுக்கு நெருங்கியது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், குளிர்ந்த கடலில் விழும் விமானிகளின் உயிரைக் காக்கவேண்டி, இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஷர்லி ஆராய்ச்சி நிலையத்தார் வென்டைல் என்னும் துணியை உருவாக்கினர். நீண்ட இழைப் பருத்தியை மிக நெருக்கமாக நெய்தார்கள். நனைந்தவுடன் பருத்தி நூல் பருத்து, இழைகளுக்கு இடையிலுள்ள கண்களைத் தானே அடைத்துக்கொள்ளும். உலர்ந்தால் மீண்டும் காற்றுப் புகும். கெட்டியாக நெய்த கித்தானும் ஓரளவு இவ்வாறே நடந்துகொள்ளும். ஆனால் மெல்லிய கித்தானை நம்பி மழையில் இறங்கலாகாது.

இரண்டாவது, எண்ணெயோ மெழுகோ ஊட்டித் தடுப்பது. மெழுகுசீலை என்ற சொல் நம் மொழியில் உண்டு. இத்துணி நீரை நன்கு தடுக்கும். ஆயினும் நம் ஊர் வெயிலில் மெழுகு இளகும், எண்ணெய் கசியும். பட்டில் எண்ணெய்க்கறை பட்டால் போக்குவது அரிது. எனவே காய்கறிப் பைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், சேலைக்கு வேண்டா.

மூன்றாவது, மேலே ஒரு படலம் பூசித் தடுப்பது. கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் மாக்கிண்டாஷ் என்பார் 1823 இல், நாப்தா எண்ணெயிற் கரைத்த ரப்பரை இரு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டும் முறைக்கு உரிமம் பெற்றார். அது வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839 இல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் நிலைபெறும் என்று கண்டார். அக்குறை தீர்ந்தது, ஆனால் நமக்கு வேறொரு குறை வந்தது. நம் சரிகை, பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. வெள்ளிக்குக் கந்தகம் பகை. அதன் ஆவி பட்டால் வெள்ளி கறுக்கும். ஆதலின் ரப்பர்த் துணி எவ்வளவு உறுதியாயினும் சரிகைச் சேலையின் அருகில் வரலாகாது.

இன்று கடைகளில் ரெக்ஸின் என்ற பெயரால் விற்பது பெரும்பாலும் பி.வி.சி. பூசிய துணியாகும். விலை மலிவு, பளபளப்பு மிகுதி, கண்ணைக் கவரும். ஆனால் அதை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் நாளடைவில் வெளியேறும்; துணி விறைத்து வெடிக்கும்; பழகப் பழக அமில ஆவியையும் விடும். பழந்துணிகளைக் காக்கும் அருங்காட்சியக வல்லுநர்கள் இதனை விலக்குகிறார்கள். அவர்கள் விலக்குவதை நாம் சேலைக்குச் சுற்றலாமோ?

எஞ்சியிருப்பது பாலியூரித்தேன் பூசிய பாலியெஸ்டர் அல்லது நைலான் துணி. எடை குறைவு, மடிக்க எளிது. வழிப்பைக்கு இதுவே தக்கது. நைலான் உராய்வைத் தாங்கும். பாலியெஸ்டர் நனைந்தாலும் தளராது, வெயிலையும் நன்கு தாங்கும். இருசக்கர வண்டியில் வெயிலிலும் மழையிலும் செல்லும் பைக்குப் பாலியெஸ்டரே என் தேர்வு. இதற்கும் ஆயுள் உண்டு. சில ஆண்டுகளில் பூச்சு பிசுபிசுத்து உரியத் தொடங்கும். உரிந்த பையைச் சேலைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

கடைக்காரர் 420 டெனியர், 600 டெனியர் என்று சொல்லும்போது மலைக்கவேண்டா. அச்சொல் பட்டு நூலோடு வந்தது. நம் வீடுகளில் 20/22 டெனியர் பட்டு என்று நாள்தோறும் வழங்குவதே. 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அத்தனை டெனியர். எனவே அந்த எண் நூலின் பருமனையே கூறும். நீர் புகுமா என்பதைக் கூறாது. அதைக் கூறுவது பூச்சு. பூச்சை நாமே சோதிக்கவேண்டும்.

சோதனை எளிது. மொத்தமாக வாங்குமுன் ஒரு முழத் துண்டு வாங்குங்கள். அதை இருபது முறை கசக்கி மடித்து நீவுங்கள். பின்பு ஒரு டம்ளரின் வாயில், நடுவிற் சிறிது குழியுமாறு வைத்துக் கட்டி, அக்குழியில் நீர் வார்த்து இரவு முழுதும் விடுங்கள். காலையில் டம்ளரின் உள்ளே ஈரம் இராவிட்டால் துணி தேறிற்று. வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் விலக்குங்கள். கடுமையான வாடை வீசினாலும் விலக்குங்கள்.

நல்ல துணி கிடைத்தாலும் தையலிற் பிழைத்தால் பயனில்லை. என் தந்தையாரின் சேலையைக் கெடுத்தது துணியன்று, துளையும் ஜிப்புமே. பூசிய துணியில் ஊசி இட்ட துளை ஆறாது. ஆகையால் குண்டூசி குத்தாமல் கிளிப்பு இட்டுப் பிடியுங்கள். பிழையாகத் தைத்துப் பிரிக்காதீர்கள். தையலின் நீளம் 3 முதல் 4 மில்லிமீட்டர் இருக்கட்டும்; நெருங்கத் தைத்தால் அஞ்சல்தலையின் ஓரம்போலத் துணி கிழியும். பாலியெஸ்டர் நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். பூசிய பக்கம் உட்புறமாக வரட்டும். பொறியின் பாதத்தில் துணி ஒட்டிக்கொண்டால் ஒரு மெல்லிய காகிதத்தை மேலிட்டுத் தைத்து, பின்பு கிழித்துவிடுங்கள். தைத்து முடிந்ததும் மூட்டுகளின்மேல் உட்புறமாகத் தையல் அடைக்கும் பட்டையை ஒட்டுங்கள்.

ஜிப் என்பது நீரைத் தடுக்கும் கதவன்று. 1913 இல் கிடியன் சண்ட்பேக் என்பவர் அதனை இன்றைய உருவிற்குக் கொணர்ந்தார். 1923 இல் அமெரிக்க ரப்பர்ச் செருப்பு ஒன்றில் அது பொருத்தப்பட்டபோதுதான் ஜிப்பர் என்ற பெயரும் பிறந்தது. மழைச்செருப்போடு பெயர் பெற்றதேயாயினும், அதன் பல்லிடுக்கில் நீர் நுழையவே செய்யும். ஆதலின் இரண்டங்குல அகலத்தில் ஒரு மூடுமடல் தைத்து ஜிப்பை மறைத்துவிடுங்கள். உலோகப் பல் பச்சை பூக்கும். சேலை இழையையும் பற்றி இழுக்கும். 5 ஆம் எண் நைலான் சுருள் ஜிப்பே போதும். ரன்னர் உட்புறம் உரசாதபடி ஒரு துணிப்பட்டையை அடியில் வையுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, கஞ்சி போக அலசிய வெள்ளைப் பருத்தியில் ஓர் உள்ளுறை தையுங்கள். துளி தப்பி நுழைந்தாலும் முதலில் அதனை உறிஞ்சுவது அவ்வுறையே, சேலை தப்பும்.

வைப்புப்பைக்கோ இவ்வளவு வேலையில்லை. கோராப் பருத்தியை இருமுறை அலசி உலர்த்தி, ஜிப்பு இன்றி நாடா வைத்துத் தைத்தாலே போதும். வழிப்பையிற் சென்ற சேலை வீடு சேர்ந்த அன்றே வெளியில் எடுக்கப்பெற்று, நிழலில் ஆறி, வைப்புப்பையிற் புகவேண்டும். நீங்கள் விற்கும் ஒவ்வொரு வழிப்பையினுள்ளும் இதனை ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். வாங்குபவர் அறியாமையால் சேலை கெட்டாலும் பழி தைத்த கைக்கே வரும்.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு நம் மாநிலத்தில் 2019 ஜனவரி முதல் தடை வந்தது; 2021 டிசம்பரில் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கம் தொடங்கிற்று. பூசிய துணியிலும் பிளாஸ்டிக் உண்டு என்பதை நாம் மறைக்கவேண்டா. அதனாலேயே அப்பை பல்லாண்டு உழைக்கும்படி தைப்பது நம் கடமை. வழிப்பைக்கு மட்டும் அத்துணி. மற்றெல்லாவற்றிற்கும் பருத்தி என்ற அளவை வகுத்துக்கொள்ளுங்கள்.

தந்தையார் இப்போது தறியில் இறங்குவதில்லை. சென்ற மாதம் என் மனைவி தைத்த முதற் பையை அவர் கையிற் கொடுத்தேன். அவர் அதைக் குழாயடியிற் பிடித்துச் சிறிது நேரம் நீரில் நனைத்தார். பின்பு ஜிப்பைத் திறந்து உள்ளே கைவிட்டுத் தடவினார். "காய்ந்துதான் இருக்கிறது" என்றார். நீங்கள் தைக்கும் பைகளும் அவ்விதத் தேர்வில் தேறவேண்டும் என்பதே என் வேண்டுகோள். அடுத்த மழைக்குள், நம் தெருவில் அறுக்கப்படும் ஒவ்வொரு சேலையும் நனையாமற் போய்ச் சேர இறைவன் அருள்வானாக.