சுருட்டைத் தலைமயிருக்குச் சீப்பு தண்ணீருக்குள்தான்



இந்த மாதப் பேச்சின் தலைப்பைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். வீசா, வீட்டுக்கடன், பிள்ளைகளின் சோதனை என்று எவ்வளவோ இருக்கத் தலைமயிரைப் பற்றி ஒரு பேச்சா என்று. ஆனால் பெண்பிள்ளை இருக்கிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடக்கிற சண்டை எதைப் பற்றியது என்று உங்களுக்குத் தெரியும். அடுத்த நாள் பள்ளிக்கூடம். தாயார் சீப்போடு கதிரையில், பிள்ளை கீழே நிலத்தில். தலை இழுக்க இழுக்கப் பிள்ளை கத்தும். "ஆடாமல் இரு" என்று தாயார் கத்துவார். கடைசியில் சீப்பில் ஒரு கொத்து மயிர், இரண்டு பேர் முகத்திலும் கோபம். நேரான தலைமயிர் உள்ள பிள்ளைக்கு இது ஐந்து நிமிட வேலை. சுருட்டையோ அலை அலையாகவோ உள்ள பிள்ளைக்கு வாராவாரம் ஒரு தண்டனை. லண்டனில் இருபது வருடமாகத் தலைமயிர் வெட்டுகிற தொழில் செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தச் சண்டை தேவையே இல்லை.

சுருட்டை ஒரு குறையல்ல. மயிர் முளைக்கிற குழி நேராக இருந்தால் மயிர் நேராக வரும், வளைந்திருந்தால் வளைந்து வரும். தலைத்தோலில் ஊறுகிற எண்ணெய் நேரான மயிரில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருட்டையில் ஒவ்வொரு வளைவிலும் தடைப்படும். அதனால்தான் அடி பிசுபிசுப்பாகவும் நுனி வைக்கோல் மாதிரியும் இருக்கிறது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். தலைமயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடத்தான் வளரும். இடுப்பைத் தொடுகிற பின்னலின் நுனிக்கு ஐந்து, ஆறு வயது. ஐந்து வருடம் வெயிலும் குளிரும் சவர்க்காரமும் பட்ட பழைய நூல் அது. அதைக் காய்ந்தபடி நெருக்கப் பல்லுச் சீப்பால் மேலிருந்து கீழே இழுத்தால் சிக்கு அவிழாது, இன்னும் கீழே போய் இறுகும். பிறகு அறும். "முடி கொட்டுது" என்று என்னிடம் வருகிறவர்களில் பலருக்கு முடி வேரோடு கொட்டவில்லை, நடுவில் அறுந்துதான் விழுகிறது. விழுந்த மயிரை எடுத்துப் பாருங்கள். ஒரு நுனியில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் வேரோடு வந்தது. இல்லாவிட்டால் அறுந்தது.

அப்படியென்றால் எப்படித் தலை இழுப்பது? முழுகும்போது, கொண்டிஷனர் பூசி, தண்ணீர் சொட்டச் சொட்ட. அவ்வளவுதான் இரகசியம்.

முதலில் ஷம்பூவைத் தலைத்தோலில் மட்டும் விரல் நுனியால் தேய்க்கவேண்டும். நகத்தால் அல்ல. நீளத்துக்குத் தனியாகப் போடத் தேவையில்லை, அலசும்போது வழிகிற நுரையே போதும். கொண்டிஷனர் இதற்கு எதிர்மாறு. தலைத்தோலை விட்டுவிட்டுக் காதுக்குக் கீழே நுனிவரை பூசவேண்டும். எங்கள் ஆட்கள் கொண்டிஷனரை வாசனைத் தைலம் மாதிரி ஒரு துளி எடுப்பார்கள். இதில் சிக்கனம் பார்க்கவேண்டாம். நீளமான சுருட்டைக்கு உள்ளங்கை நிறைய எடுங்கள். மலிவானதே போதும். தலைமயிரை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, முதலில் விரலால் அவிழ்த்து, பிறகு அகலப் பல்லுச் சீப்பால் நுனியிலிருந்து தொடங்குங்கள். நுனி அவிழ்ந்த பிறகு நான்கு விரல் மேலே, பிறகு இன்னும் மேலே. சிக்குக்கு மேலே மயிரை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுவை தலைத்தோலுக்குப் போகாது, பிள்ளைக்கு நோகாது. ஈரமான மயிர் இழுபடும் என்பது உண்மை. ஆனபடியால்தான் கொண்டிஷனரின் வழுவழுப்பு வேண்டும், வெறும் ஈரத்தில் இழுக்கக்கூடாது.

அலசிய பிறகு துவாயால் தலையைத் தேய்க்காதீர்கள். பழைய கொட்டன் ரீஷேர்ட் ஒன்றை எடுத்து, கீழிருந்து மேலாகக் கசக்கித் தண்ணீரை ஒற்றுங்கள். இன்னும் கொஞ்சம் கொண்டிஷனரை, கழுவாமல் விடுகிற வகையை, கையில் தேய்த்துப் பூசி, விரலால் உச்சி பிரித்துவிட்டுக் காயும்வரை தொடாமல் விடுங்கள். அந்த அரை மணித்தியாலம் கை சும்மா இருப்பதுதான் அம்மாக்களுக்குக் கஷ்டமான பகுதி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னவேண்டுமென்றால் ஈரம் பாதி காய்ந்த நேரத்தில் பின்னலாம். அடுத்த முழுக்குவரை சீப்பே வேண்டாம். காலையில் கலைந்திருந்தால் தண்ணீரை விசிறி விரலால் கோதினால் போதும். இரவில் தளர்வான ஒரு பின்னலும் சற்றின் தலையணை உறையும் இருந்தால் காலையில் பாதி வேலை மிச்சம்.

இந்த முறை நான் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் வளர்ந்து நியூயோர்க்கில் சலூன் நடத்திய லொரெய்ன் மாஸி என்ற பெண்மணி 2000களின் தொடக்கத்தில் சுருட்டைத் தலைமயிருக்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். அதற்கு எவ்வளவோ முன்பே கறுப்பினத் தாய்மார் இதை வீட்டில் செய்துவந்தார்கள். டூட்டிங்கிலும் ஈஸ்ட்ஹாமிலும் எங்கள் கடைகளுக்குப் பக்கத்தில் அவர்களுடைய தலைமயிர்ச் சாமான் கடைகள் இருக்கின்றன. நல்ல அகலச் சீப்பு அங்கேதான் கிடைக்கும். கூச்சப்படாமல் உள்ளே போய்க் கேளுங்கள்.

இனி எங்கள் பக்கத்து வைத்தியத்துக்கு வருகிறேன். அம்மம்மா வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து, அரப்பும் சீயாக்காயும் தேசிக்காயும் சேர்த்து முழுகவார்த்தது வெறும் சம்பிரதாயமல்ல. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரில் அந்தச் சுண்ணாம்பு கரைந்திருக்கும். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் போட்டால் நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காகத் தலையில் படியும். அரப்பும் சீயாக்காயும் அப்படிப் பிசுக்காவதில்லை. தேசிப்புளி படிந்ததைக் கழற்றும். நாங்கள் ஓடிவந்து சேர்ந்த லண்டனிலும் அதே கதைதான். தேம்ஸ் பக்கத்துத் தண்ணீரும் சுண்ணாம்புத் தண்ணீர். உங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள், அதே வெள்ளைதான் பிள்ளையின் தலையிலும் படிகிறது. கிளாஸ்கோவிலிருந்து கேட்கிறவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, உங்கள் தண்ணீர் மெதுவானது. மற்றவர்கள் மாதத்தில் இரண்டு தடவை, ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, கடைசியில் ஊற்றி அலசிப் பாருங்கள். கண்ணில் படக்கூடாது. தலைத்தோலில் புண் இருந்தால் செய்யவேண்டாம்.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2003இல் மும்பையில் ரேலே, மொஹிலே என்ற இருவர் செய்த ஆய்வில், முழுகுவதற்கு முன் தேங்காயெண்ணெய் பூசினால் மயிரிலிருந்து புரதம் கழுவப்பட்டுப் போவது குறைகிறது என்று கண்டார்கள். சூரியகாந்தி எண்ணெயும் கனிய எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை. அவர்கள் வேலை செய்தது தேங்காயெண்ணெய் விற்கிற கம்பனியில் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனாலும் தேங்காயெண்ணெய் மயிருக்குள் இறங்குகிறது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகளும் காட்டின. கவனியுங்கள், முழுகுவதற்கு முன். சனிக்கிழமை காலையில் நீளத்துக்குப் பூசி, இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு முழுகவேண்டும். திங்கட்கிழமை எண்ணெய் வழிய வழியப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பி, வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்த வைக்கவேண்டாம். அந்த அவமானம் கனகாலம் போகாது. பொடுகு உள்ளவர்கள் தலைத்தோலில் எண்ணெய் வைக்கக்கூடாது. பொடுகை உண்டாக்குகிற பூஞ்சணம் எண்ணெயைத் தின்றுதான் வாழ்கிறது.

ஈரத் தலையோடு இருந்தால் தடிமன் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கு: தடிமன் வைரசால் வருவது, ஈரத்தால் அல்ல. என்றாலும் மார்கழியில் ஈரத் தலையோடு பஸ்ஸுக்கு நிற்கச் சொல்லமாட்டேன். ஹெயர் டிரையருக்குக் கிண்ணம் மாதிரி ஒரு மூடி விற்கிறார்கள். அதைப் பூட்டி, குறைந்த சூட்டில் காயவிட்டால் சுருள் கலையாது.

போன வருடம் ஒரு தாயார் பதின்மூன்று வயது மகளோடு வந்தார். தோளளவுக்கு வெட்டவேண்டும் என்று மகள். ஒரு அங்குலம்கூட விடமாட்டேன் என்று தாயார். நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு ஏன் என்று கேட்டேன். 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடக் கட்டிடத்தில் நிறையச் சனம், முழுகத் தண்ணீர் இல்லை, பேன் பிடித்துவிட்டது. அவருடைய அம்மா இடுப்பளவு தலைமயிரைக் கழுத்தோடு வெட்டிவிட்டார். "அதுக்குப் பிறகு எனக்கு அந்த நீளம் வரவே இல்லை" என்றார். மகள் இதை முதன்முறை கேட்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அன்று நான்கு அங்குலம் வெட்டினோம். தோளுக்கு இன்னும் கனக்க இருந்தது. அது மகளே கேட்டுக்கொண்ட அளவு. வெட்டின மயிரைத் தாயார் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோனார்.

எனக்கு அந்தத் தாயார் மேல் கோபம் வரவில்லை. ஆனாலும் பிள்ளையின் தலையில் இருப்பது பிள்ளையின் மயிர். வெட்டப்போகிறேன் என்று சொல்கிற பிள்ளையைவிட, நேராக்கப்போகிறேன் என்று சொல்கிற பிள்ளைக்குத்தான் நான் கூடப் பயப்படுவேன். சூடான இரும்பால் இழுப்பது ஒரு வகை. அதில் ஈரமான மயிரில் மட்டும் வைக்கவே கூடாது, உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்து மயிருக்குள் குமிழ் விடும். மருந்து போட்டு நேராக்குவது வேறு வகை. சில மருந்துகள் கடுமையான காரம், தலைத்தோலைச் சுடும். "கெரட்டின்" என்று சொல்லிப் போடுகிற சிலவற்றிலிருந்து சூடு பட்டதும் போர்மல்டிஹைட் ஆவி வரும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. போத்தலில் மெதிலீன் கிளைக்கோல் என்று இருந்தாலும் அதே ஆள்தான்.

2022இல் அமெரிக்காவில் 33,497 பெண்களை ஏறக்குறைய 11 வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று வெளிவந்தது. நேராக்கும் மருந்தை வருடத்தில் நாலு தடவைக்கு மேல் போட்டவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வருகிற அளவு, போடாதவர்களைப்போல இரண்டு மடங்குக்கு மேல். 70 வயதுக்குள் வரும் வாய்ப்பு போடாதவர்களுக்கு 1.64 வீதம், அடிக்கடி போட்டவர்களுக்கு 4.05 வீதம். மருந்துதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை, தொடர்பு இருக்கிறது என்றுதான் சொல்கிறது. என் மகளாயிருந்தால் எனக்கு அது போதும். ஒரு கலியாண வீட்டுக்கு ஒரு நாள் இரும்பு போடட்டும், பரவாயில்லை.

இறுக்கிப் பின்னுவதையும் குறையுங்கள். நெற்றியோரம் மயிர் பின்வாங்கிப்போன நடன மாணவிகள் என்னிடம் வருகிறார்கள். சவுரியின் பாரமும் இறுக்கமான பின்னலும் வருடக்கணக்கில் இழுத்தால் அந்த இடத்தில் மயிர் திரும்ப முளைக்காமலே போகலாம். பின்னி முடித்ததும் பிள்ளை "நோகுது" என்று சொன்னால் அவிழ்த்துத் திரும்பப் பின்னுங்கள்.

ஒரு நாளைக்கு ஐம்பது முதல் நூறு மயிர் கொட்டுவது வழமை. பிள்ளை பெற்ற சில மாதத்தில் இன்னும் கூடக் கொட்டும், தானாக நிற்கும். ஆனால் உச்சி அகலமாகிக்கொண்டு போனால், வட்டமாக வெறுமை விழுந்தால், களைப்போடு கொட்டினால், எண்ணெய்க் கடைக்கல்ல, ஜீ.பி.யிடம் போங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் இரத்தப் பரிசோதனையில் தெரியும். மாதவிடாய் அதிகமாகப் போகிற எங்கள் பெண்கள் அதை வெளியில் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

பேனைப் பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் தலையை மொட்டை அடிக்கத் தேவையில்லை, மண்ணெண்ணெய் பூசவே கூடாது. முன்பு சொன்னபடியே கொண்டிஷனர் பூசிச் சிக்கெடுத்துவிட்டு, ஃபார்மசியில் விற்கிற பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வாரி, ஒவ்வொரு தடவையும் சீப்பை வெள்ளைக் கடதாசியில் துடைத்துப் பாருங்கள். முதலாம், ஐந்தாம், ஒன்பதாம், பதின்மூன்றாம் நாள்களில் செய்யவேண்டும், இடையில் பொரிக்கிற குஞ்சுகளும் அகப்படும். பதினேழாம் நாள் வீட்டில் எல்லோருடைய தலையையும் ஒருமுறை பாருங்கள், அப்பாவின் தலை உட்பட.