மதத்துக்கு விலக்கு: செலவு யார் கணக்கில்?

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தலைக்கவசம் அணியாமல் மோட்டார் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் சும்மா விடாது. தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டும் இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. இதற்காக யாரும் பெரிதாகக் கோபப்படுவதில்லை. விழுந்தால் அடிபடுவது அவருடைய தலைதான். பக்கத்தில் போகிறவர் தலையல்ல. மருத்துவமனைச் செலவு பொதுப்பணம்தானே என்று வாதாடுவோரும் உண்டு. அது வேறு கதை.

ஆனால் எல்லா விலக்கும் இத்தனை சுலபமாக முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் இதற்காக நூறாண்டுக்கும் மேலாக வழக்கு நடக்கிறது. அந்நாட்டு அரசியலமைப்பில் 1791இல் சேர்ந்த முதல் திருத்தம் ஒரே மூச்சில் இரண்டு சொல்கிறது. அரசு எந்த மதத்தையும் அரசு மதமாக்கக் கூடாது. எவருடைய வழிபாட்டையும் தடுக்கவும் கூடாது. மதத்துக்கு விலக்கே கொடுக்காவிட்டால் இரண்டாவது அடிபடும். அள்ளிக் கொடுத்தால் முதலாவது அடிபடும்.

ஆரிகன் மாநிலத்தில் அல் ஸ்மித் என்பவர் இருந்தார். கிளமத் பழங்குடியினர். குடி, போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கு ஆலோசனை கூறுவது அவர் வேலை. அவரும் உடன் வேலை செய்த கேலன் பிளாக்கும் பூர்வகுடியினரின் திருச்சபைச் சடங்கில் பெயோட்டி என்னும் கள்ளிச்செடியை உட்கொண்டார்கள். அச்சபையாருக்கு அது பிரசாதம். மாநிலச் சட்டத்துக்கோ போதைப் பொருள். இருவருக்கும் வேலை போயிற்று. வேலையில்லாதோருக்கான உதவித்தொகையும் மறுக்கப்பட்டது.

1990இல் உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பெழுதிய நீதிபதி ஸ்காலியா தீவிர கத்தோலிக்கர். எந்த மதத்தையும் குறிவைக்காத பொதுச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற அரசியலமைப்பு உரிமை தரவில்லை, தந்தால் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சட்டமாகிவிடுவர் என்றார். விலக்கு வேண்டுமா, சட்டமன்றத்திடம் கேளுங்கள் என்பது அவர் காட்டிய வழி.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சட்டமன்றம் யார் பேச்சைக் கேட்கும்? 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு இருந்தது. அப்போது தேவாலயப் பூசைக்கும் யூதர் சடங்குக்கும் வேண்டிய திராட்சை மதுவுக்குச் சட்டத்திலேயே விலக்கு எழுதி வைத்தார்கள். அல் ஸ்மித்தின் சிறு கூட்டத்துக்கு அந்தச் செல்வாக்கு ஏது?

தீர்ப்பைக் கண்டு பெரிய திருச்சபைகளே பதறின. 1993இல் மதச் சுதந்திர மீட்புச் சட்டம் வந்தது. மிக அவசியமான காரணம் இருந்தாலொழிய அரசு ஒருவருடைய மத நடைமுறைக்குப் பெருஞ்சுமை ஏற்றக் கூடாது என்றது அது. அடுத்த ஆண்டே பூர்வகுடியினரின் பெயோட்டிச் சடங்குக்கும் தனிச் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது.

மறுபக்கமும் ஒன்று உண்டு. கனெக்டிகட் மாநிலம் ஒரு சட்டம் செய்திருந்தது. ‘இது என் ஓய்வு நாள்’ என்று ஊழியர் மதத்தைக் காட்டிச் சொல்லிவிட்டால், முதலாளி அன்று அவரிடம் வேலை வாங்கவே கூடாது. நல்ல சட்டம் போலத்தான் தெரிகிறது. அப்படியானால் அன்று கடையைப் பார்ப்பது யார்? சக ஊழியர்தானே! அவருக்கும் பிள்ளைகுட்டி, வீடுவாசல் உண்டு. அவர் நிலையை ஒரு பொருட்டாகவே எண்ணாத சட்டம், மதத்தை அரசு தூக்கிப் பிடிப்பதாகும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம். சரியான தீர்ப்பு.

அந்தத் தெளிவு 2014இல் இல்லை. கைவினைப் பொருள் விற்கும் ஹாபி லாபி கடைகளில் அப்போது சுமார் 13,000 பேர் வேலை செய்தார்கள். முதலாளி குடும்பத்தார் பக்தியுள்ள கிறிஸ்தவர்கள். நான்கு வகைக் கருத்தடை முறைகள் கருவை அழிப்பவை என்று நம்பி, ஊழியர்களின் மருத்துவக் காப்புறுதியில் அவற்றைச் சேர்க்க மறுத்தார்கள். அல் ஸ்மித் தோற்றதால் பிறந்த அதே 1993ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வென்றார்கள். அந்தச் செலவை அரசு வேறு வழியில் ஏற்பாடு செய்யலாமே என்றனர் பெரும்பான்மை நீதிபதிகள்.

பெண் நீதிபதி கின்ஸ்பர்க் கடுமையான மறுப்புத் தீர்ப்பு எழுதினார். சீக்கியர் பணயம் வைப்பது தன் தலையை. ஹாபி லாபியில் முதலாளியின் நம்பிக்கைக்காக விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது கல்லாவில் நின்ற பெண். அவர் அந்த நம்பிக்கையைச் சேர்ந்தவரா என்று யாரும் கேட்கவில்லை.