சொல்லாமல் தொட உரிமையில்லை

செகந்திராபாத்தில் பிழைக்க வந்து வேரூன்றிவிட்ட என் தமிழ்ச் சொந்தங்களே!

பிறப்புறுப்பில் வரும் மருவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளுங்கள். எழுந்து மட்டும் போய்விடாதீர்கள்.

கழுத்தில் மரு வந்தால் சுண்ணாம்பு வை என்று பத்துப் பேர் யோசனை சொல்கிறோம். இடுப்புக்குக் கீழே வந்தால் வாய் அடைத்துப்போகிறது. சுவரில் ‘ரகசிய நோய்’ விளம்பரம் எழுதியவனிடம் பணத்தைக் கொட்டுகிறோம். கால் ஆணி மருந்தை அந்த மெல்லிய தோலில் வைத்துப் புண்ணாக்கிக்கொள்கிறோம். மனைவிக்கு மட்டும் தெரியக் கூடாது! தெரியாமலே அவளுக்கும் ஒட்டட்டும் என்பதுதானே இதற்குப் பொருள்?

இந்த மருவைத் தருவது எச்.பி.வி. என்னும் வைரஸ். பத்தில் ஒன்பது மருவுக்கு அதன் 6, 11ஆம் வகைகளே காரணம். கருப்பைவாய்ப் புற்றைத் தருபவை 16, 18 போன்ற வேறு வகைகள். தோலோடு தோல் உரசினாலே தொற்றும். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முழுதும் தடுக்காது. தொற்றிய சில வாரங்களிலும் மரு வரலாம், பல மாதம் கழித்தும் வரலாம். மனைவிக்கு மரு கண்டதும் ‘எவனிடம் வாங்கினாய்?’ என்று பஞ்சாயத்துக் கூட்டுகிறவர்களே, எந்த மருத்துவர் உங்களுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்? உங்கள் உடம்பில் ஒரு மருவும் தெரியாமலே நீங்கள் கொடுத்ததாகவும் இருக்கலாம்!

சொல்லாமல், கேட்காமல் செய்தால் என்ன ஆகும் என்று முன்பே பார்த்திருக்கிறோம். 2009இல் நம் கம்மம் மாவட்டத்தில் சுமார் 14,000 சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோரைக் கேட்காமலே விடுதிக் காப்பாளர்கள் ஒப்புதல் கையெழுத்துப் போட்டார்கள். சில சிறுமிகள் இறந்தபோது ஊர் பதறியது. ஊசிக்கும் அந்தச் சாவுகளுக்கும் தொடர்பிருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணை. யார் நம்புவார்கள்? 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அந்த ஒப்புதல் முறையைக் கடுமையாகக் கண்டித்தது. ஊசி நல்ல ஊசிதான். கேட்காமல் போட்டதுதான் குற்றம். அதற்குக் கொதிக்கிற நாம், படுக்கையறையில் அதையே செய்யலாமா?

மரு வந்ததைத் துணையிடம் சண்டைக்கு நடுவே சொல்லாதீர்கள். விளக்கணைத்த பிறகும் சொல்லாதீர்கள். பகலில் உட்கார்ந்து, “எனக்கு இப்படி வந்திருக்கு. டாக்டர்கிட்டக் காட்டிட்டேன். ஆறுற வரைக்கும் விலகி இருப்போம். நீயும் ஒரு தடவை காட்டிக்கோ” என்று சொல்லுங்கள். இவ்வளவுதான். இதையே ஒரு பெண் தன் கணவனிடம் சொன்னால் கை ஓங்காமல் கேட்கிற ஆண்மை நமக்கு வேண்டும்.

மருவை உறையவைத்தோ சுட்டோ மருந்து தடவியோ நீக்கலாம். திரும்பியும் வரலாம், வந்தால் மறுபடி காட்டத்தான் வேண்டும். உஸ்மானியா மருத்துவமனையிலும் காந்தி மருத்துவமனையிலும் தோல், பால்வினை நோய்ப் பிரிவு இருக்கிறது. இருவராகப் போங்கள். முப்பதைத் தாண்டிய பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்னும் எச்.பி.வி. தடுப்பூசி 2023இலேயே வந்துவிட்டது. 6, 11, 16, 18 நான்கு வகைகளுக்கும் எதிரானது, பையன்களுக்கும் போடலாம். மருத்துவரைக் கேட்டு மகளுக்கும் மகனுக்கும் போடுங்கள். எதற்காகப் போடுகிறோம் என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.